தண்ணீர் எங்கே போனது என்று கேட்டாயே

முருகேசா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் உனக்கு எல்லாக் கடிதத்தையும் தொடங்குவேன். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. இங்கே எல்லாரும் நலமாக இல்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் தினமும் போனில் கூப்பிட்டு நீ நலம் விசாரிப்பது காரைத்தான். அதனால்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். போனில் நான் கொஞ்சம் சத்தத்தை உயர்த்தினால் போதும், "சரிம்மா, ட்யூட்டிக்கு நேரமாச்சு, வைக்கேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துத்தான் போடலாம். பெற்றவள் எழுதியதைக் கிழிக்கிற அளவுக்கு நீ இன்னும் பெரிய ஆளாகவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் என் கையெழுத்து உன் கையெழுத்தைவிட நன்றாக இருக்கும். படிக்க முடியவில்லை என்று சாக்குச் சொல்லாதே. படித்து முடித்ததும் உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகளிடமும் கொடு. பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய எல்லா வீட்டிலும் உன் பெண்டாட்டி கோமதியைப் போல ஒருத்தி இருப்பாள். அவர்களும் படிக்கட்டும்.

போன லீவில் நீ அந்த வெள்ளைக் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வேறொருவர் ஓட்டிய பழைய கார்தான். இருந்தால் என்ன, நம் தெருவில் பட்டாளத்துக்காரன் வீட்டில் நின்ற முதல் கார். கோமதியைக் காலையில் எழுப்பி, மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டக் கற்றுக்கொடுத்தாய். அதுவும் எனக்குப் பெருமைதான். என் மருமகள் ஓட்ட, நான் முன்சீட்டில் உட்கார்ந்து ராஜபாளையம் கடைத்தெரு வழியாகப் போகும்போது, தெரிந்தவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள்வேன். வெயிலுக்கு ஏசி போடுகிறேன் என்று அவள் சொன்னால்கூட வேண்டாம் என்றிருக்கிறேன். அந்தப் பெருமையை எனக்குக் கொடுத்தவனே நீதான் என்பதால், இனிமேல் எழுதப்போவதைக் கூடுதல் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

நீ ரயிலேறிப் போன கொஞ்ச நாளிலேயே காருக்கு அடியில் காலையில் ஈரம் தெரிய ஆரம்பித்தது. நான் முதலில் தெரு நாயைச் சந்தேகப்பட்டேன். பாவம், அதைக் கம்பெடுத்து விரட்டவும் செய்தேன். கோமதிதான் குனிந்து பார்த்து, முன்பக்கம் ரேடியேட்டர் அடியிலிருந்து சொட்டுகிறது என்றாள். உடனே உன்னிடம் சொன்னாள். நீ என்ன சொன்னாய்? "சின்ன ஒழுக்குதான். காலைல தண்ணிய ஊத்திட்டு ஓட்டு. ஒர்க்‌ஷாப்புல விட்டா நல்ல பார்ட்டக் கழட்டிட்டுப் பழசை மாட்டிருவான். எவனும் என் வண்டியில கை வைக்கக் கூடாது. நான் லீவுல வந்து பாத்துக்கிடுதேன்." அவள் மறுபடியும் சொன்னாள். நீ மறுபடியும் அதையே சொன்னாய். ஒரு நாள் நானே போனை வாங்கி, "ஏலே, காலைல ஊத்துன தண்ணி சாயங்காலம் இல்ல. அப்பிடின்னா சின்ன ஒழுக்கா அது?" என்று கேட்டேன். "ஒனக்கு வண்டியப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றாய். வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். குடத்தைப் பற்றித் தெரியும். காலையில் நிரப்பிய குடம் சாயங்காலம் காலியாக இருந்தால், அது ஓட்டைக் குடம் என்று சொல்ல எந்தப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படிக்க வேண்டும்?

அதன் பிறகுதான் உன் வைத்தியம் வந்தது. ஒரு நாள் கோமதி அடுப்படிக்கு வந்து, "அத்த, மஞ்சத்தூள் டப்பா எங்க?" என்று கேட்டாள். குழம்புக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன். நான் விரலி மஞ்சள் வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் நின்று பார்த்து அரைத்துக்கொண்டு வந்த தூள் அது. அவள் அதைக் கொண்டுபோய் ரேடியேட்டரில் கொட்டிக்கொண்டிருக்கிறாள். "என்னட்டி செய்த?" என்று ஓடினால், "அவியதான் போடச் சொன்னாவ. லாரிக்காரக எல்லாம் இதத்தான் போடுவாகளாம், ஓட்டை அடைச்சுக்கிடுமாம்" என்கிறாள். அடைக்கத்தான் செய்தது. இரண்டொரு நாள் ஈரம் இல்லை. நீ போனில் ஜெயித்தவன் மாதிரிச் சிரித்தாய். அப்புறம் மறுபடியும் சொட்டியது, இந்தத் தடவை மஞ்சளாக. வாசலில் போட்ட கோலத்தில் மஞ்சள் ஓடிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா சும்மா இருப்பாளா? "ஏமி வதினா" என்று மதினி முறை சொல்லிக் கூப்பிட்டு, "காரு வயசுக்கு வந்துட்டாளா? மஞ்சத்தண்ணி ஊத்திருக்கீக, எங்களுக்குச் சொல்லவே இல்லையே, சீரு கொண்டாந்திருப்பம்ல" என்றாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது. அன்றைக்கே காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்க வேண்டும். கோமதியும் விடலாம் என்றுதான் சொன்னாள். "அவிய ஏசுவாவ அத்த" என்று அவளே நிறுத்தியும் கொண்டாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் கட்டுப்பட்டுக் கிடந்தோம்.

இந்த "லீவுல வந்து பாத்துக்கிடுதேன்" எனக்குப் புதிது இல்லையடா. உன் அப்பா பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் நான் கேட்ட பாட்டு. மோட்டார் ஓடவில்லை என்று எழுதினால், லீவில் வந்து பார்க்கிறேன். கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போய்விட்டது என்று எழுதினால், லீவில் வந்து பார்க்கிறேன். நான் காத்திருக்கிற ஆள் இல்லை. ஆசாரியைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன். உன் அப்பா லீவில் வந்து அதைக் கழற்றி, அதே இடத்தில், அதே ஆணியை வைத்து மறுபடியும் அடித்தார். "இப்பத்தான் கரெக்டா இருக்கு" என்றார். நீ சின்னப் பையன், பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாய். அதெல்லாம் சிரிப்புதான். சிரிப்பில்லாதது ஒன்று உண்டு, அதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. உன் அப்பா பெட்டியோடு வீட்டுக்குள் வந்ததும் முதலில் மோட்டாரைப் போட்டுப் பார்ப்பார். அடுத்து சைக்கிள். அடுத்து மாட்டுத் தொழுவம், கூரை, கிணற்றுச் சகடை. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, குளித்து, சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டே, "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைல?" என்று என்னிடம் கேட்பார். மோட்டார், சைக்கிள், மாடு எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் நான். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரிசையில் நான் எங்கே நின்றேன் என்பதை ஒவ்வொரு லீவிலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆணி எடுத்துக் கொடுத்த நீயும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாய் என்று இப்போது தெரிகிறது.

அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை. கோமதி சொல்ல மாட்டாள். நான் சொல்கிறேன். உன் மகள் பாப்பா பள்ளிக்கூட லீவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவள் அம்மாச்சி வீட்டில் இருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, நீ சொன்னபடி ஒரு கேனில் தண்ணீரும் எடுத்துக்கொண்டோம். ஊரைத் தாண்டித் தென்னந்தோப்புகள் வருகிற இடத்தில் கோமதி, "அத்த, சூடு காட்டுற முள்ளு ஏறுது" என்றாள். ஏசியை அணைத்தாள். அப்படியும் ஏறியது. பதறாமல் ஓரங்கட்டி, வண்டியை அணைத்து, பானெட்டைத் தூக்கினாள். சோறு வடிக்கிற மாதிரி ஆவி கிளம்பியது. "செத்த நேரம் ஆறட்டும் அத்த, பொறவு தொறப்போம்" என்று என்னைத் தென்னை நிழலில் உட்காரவைத்தாள். கேட்டுக்கொள். உன் பெண்டாட்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. நீ கற்றுக்கொடுத்ததுதான். உனக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாதே என்று போன் போட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

ஸ்பீக்கரில் உன் சத்தம் தோப்புக்கே கேட்டது. "ஆறுற வரைக்கும் நிப்பியா? இன்ஜின் சீஸ் ஆகி இறுகிரும்டி! மூடியத் தொறந்து தண்ணிய ஊத்து!" என்றாய். "கொதிக்குதுங்க" என்றாள். "துணியப் போட்டுத் தொற. ஒரு மூடியத் தொறக்கத் துப்பில்ல, காரு ஓட்ட வந்துட்டா." இப்படித்தான் சொன்னாய். இல்லை என்று சொல்லாதே, நான் பக்கத்தில் இருந்தேன். அதைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "வேண்டாம்ட்டி" என்று நான் எழுந்திருப்பதற்குள், துப்பட்டாவைச் சுருட்டி மூடியில் வைத்துத் திருகிவிட்டாள். மூடி பறந்தது. கொதிதண்ணீர் மஞ்சளாகப் பீய்ச்சி அவள் வலது கையில் அடித்தது, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டதால் முகம் தப்பியது. ஆண்டவன் தப்ப வைத்தான். நீ வைக்கவில்லை.

அவள் போட்ட சத்தத்தில் போன் கீழே விழுந்தது. நான் கேனைத் தூக்கி, மூடியைக் கழற்றி, அவள் கையில் ஊற்றினேன். கேன் கனம் எனக்குத் தாங்கவில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டு ஊற்றினேன். மண்ணில் கிடந்த போனிலிருந்து நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். "ஊத்திட்டியா? ஊத்திட்டியா?" நான்தான், "ஊத்திட்டேன்லே" என்றேன். "முள்ளு எறங்குச்சா?" என்றாய். "ஏலே, ஒன் பொண்டாட்டி கையில ஊத்திக்கிட்டிருக்கேன்லே. கை வெந்து போச்சு" என்று கத்தினேன். என் பிள்ளை பதறிப்போய்விட்டான், வார்த்தை வரவில்லை என்று நினைத்தேன். அதற்கப்புறம் உனக்கு வார்த்தை வந்தது. "அம்புட்டுத் தண்ணியையுமா ஊத்துனீக? கொஞ்சம் மிச்சம் வச்சு இன்ஜினுக்கு ஊத்தியிருக்கலாம்ல?"

முருகேசா, நீ குழந்தையாக இருந்தபோது முதன்முதலாகப் பேசிய சொல் எனக்கு ஞாபகம் இல்லை. இது என் காலம் முடிகிற வரைக்கும் ஞாபகம் இருக்கும். கோமதிக்கும் கேட்டது. அவள் அழுதுகொண்டிருந்தாள், அதைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டாள். வலி குறைந்து நிறுத்தவில்லை. கீழே கிடந்த போனைக் காலால் தள்ளிவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினேன். தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வேன்காரர் எங்களை ஏற்றிக்கொண்டுபோய் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் விட்டார். அவர் யாரோ எவரோ. அவர் வண்டியை நிறுத்தி இறங்கியதும் கேட்ட முதல் வார்த்தை, "அம்மா, ரொம்ப எரியுதா?" அது உன் வாயிலிருந்து இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

கை கொப்பளித்து, தோல் உரிந்து, இப்போது புதுத் தோல் வந்திருக்கிறது. கோமதி கணக்கு எழுதுகிற மில்லில் நெய்து ஊர் ஊராக அனுப்புகிற பேண்டேஜ் துணியே அவள் கையைச் சுற்றியிருந்தது. இடது கையால் சாப்பிட்டாள். தலையை நான் பின்னிவிட்டேன். நீ தினமும் என் போனுக்குக் கூப்பிட்டாய். கார் எங்கே நிற்கிறது, யாரும் தொடவில்லையே, இன்ஜின் சத்தம் எப்படி இருக்கிறது, நான் வருகிற வரைக்கும் அப்படியே நிற்கட்டும். கோமதியிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டால், "அவ கோவமா இருப்பா, பொறவு பேசுதேன்" என்றாய். எதிரி வருகிற மலையில் காவல் நிற்கிறவன், பெண்டாட்டி கோபத்துக்குப் பயந்து ஒளிகிறாயே, வெட்கமாக இல்லையா? பயந்தாயோ, உள்ளுக்குள் அழுதாயோ, எனக்குத் தெரியாது. தெரியாததை நான் நம்பிக்கொள்ள மாட்டேன். அப்படி உன் அப்பாவுக்காக நிறையவே நம்பியாயிற்று.

நீ தொடக் கூடாது என்று சொன்ன வண்டியை நான்தான் தொட்டேன். கட்டி இழுத்துக்கொண்டு வரச் சொல்லி, ராஜபாளையத்தில் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பழைய ரேடியேட்டரைக் கழற்றிப் போட்டாயிற்று, புதிது மாட்டியாயிற்று. நீ வந்து கழற்றி அதே இடத்தில் மறுபடியும் மாட்ட நினைத்தால், உன் அப்பாவுக்கு நான் கொடுத்த மரியாதை உனக்குக் கிடைக்காது. மெக்கானிக் அந்தப் பழையதை அறுத்துக் காட்டினார். உள்ளே குழாய் எல்லாம் என் மஞ்சள், சேறு மாதிரி இறுகிக் கிடந்தது. தண்ணீர் ஓட வழியே இல்லை. "இது பட்டறைக்கு வந்து சேருற வரைக்கும் தாங்குற வைத்தியம்மா. மாசக்கணக்குல இத வச்சா ஓட்டுவாக?" என்று சிரித்தார். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொதித்துக் கிடந்த இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றியிருந்தால்தான் விரிசல் விட்டிருக்கும் என்றார். ஆக, நான் கையில் ஊற்றியதால் உன் இன்ஜின் பிழைத்தது. நீ நிம்மதிப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை. உன் இன்ஜின் நாலாகப் பிளந்து நடுரோட்டில் கிடந்திருந்தாலும், அந்தக் கேன் தண்ணீரை நான் அவள் கையில்தான் ஊற்றியிருப்பேன். ஒரு சொட்டு மிச்சம் வைத்திருக்க மாட்டேன்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். கோமதி போன வாரம் காரை எடுத்தாள். தெருமுனை வரைக்கும் ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்தாள். நீ லீவில் வருகிற அன்றைக்கு அவளே ராஜபாளையம் ஸ்டேஷனுக்குக் கார் ஓட்டிக்கொண்டு வரப்போகிறாள். நான், "ஆட்டோவுல வரட்டும், நீ எதுக்குட்டி?" என்றேன். "இல்ல அத்த, நான் போணும். அவிய எறங்குன ஒடனே மொதல்ல எதப் பாக்காவன்னு நான் பாக்கணும்" என்றாள். "காரப் பாத்தாவன்னா சாவிய கையில குடுத்துட்டு, அப்பிடியே பஸ் ஏறி எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். சண்டையெல்லாம் போட மாட்டேன். பாப்பாவையும் கூட்டிக்கிடுவேன்." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். கடைசியில், "நீங்க அவியகிட்ட சொல்லக் கூடாது அத்த" என்றாள். வெங்காயத்தை வாங்கி நானும் உரித்தேன்.

இப்போது சொல்லிவிட்டேன். அவளுக்குச் செய்த துரோகம்தான் இது, அவள் என்னைக் கேட்டால் ஒத்துக்கொள்வேன். உன் மேல் இவ்வளவு கோபம் இருந்தும் சொல்ல வைத்துவிட்டாயே என்பது தனிக் கோபம். நான் சொல்லி நீ அவள் கையைப் பார்த்தால், அது நீயாகப் பார்த்தது ஆகாது என்று எனக்குத் தெரியும். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய பரீட்சை மாதிரிதான். ஆனாலும் பார். முதலில் பார்க்க வேண்டியது எது என்று சொல்லிக்கொடுத்தாயிற்று. அதற்கப்புறம் அவளிடம் என்ன பேச வேண்டும் என்பதை நான் சொல்லித் தர மாட்டேன். எனக்கும் தெரியாது, என்னிடம் யாரும் பேசிக் காட்டியதில்லை. அங்கிருந்து ரயிலில் வருகிற வழியெல்லாம் நீயே யோசித்துக்கொண்டு வா. பால்கோவா டப்பா வாங்கிக்கொண்டு வந்து சமாளித்துவிடலாம் என்று நினைக்காதே, அவள் பிறந்ததே பால்கோவா ஊரில். "நீ எதுக்கு மூடியத் தொறந்த?" என்று ஆரம்பிக்காதே. "நான் அப்பிடிச் சொல்லல" என்று ஆரம்பிக்காதே. ஆரம்பிக்கத் தெரியாவிட்டால் சும்மா நில், அந்த வேன்காரர் கேட்டது ஞாபகத்துக்கு வருகிற வரைக்கும்.

ஸ்டேஷனில் இறங்கியதும் கார் எங்கே நிற்கிறது என்று தேடாதே. கார் விட்ட இடத்தில் நிற்கும். அவள் நிற்க மாட்டாள்.

உன் அம்மா